இரவல் நாக்கு

வேலூருக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி, பொய்கை என்று ஓர் ஊர் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைதோறும் அங்கே மாட்டுச் சந்தை கூடும். மாடு வாங்கும் உத்தேசம் எனக்கு என்றுமே இருந்ததில்லை; ஆனாலும் அந்தப் பக்கம் போகிற செவ்வாய்க்கிழமைகளில் பஸ்ஸைவிட்டு இறங்கி ஒரு மணி நேரம் வேடிக்கை பார்க்காமல் வந்ததும் இல்லை. நான் பார்க்கப் போவது மாட்டை அல்ல; துண்டை.

தரகரும் வாங்க வந்தவரும் எதிரெதிரே நிற்பார்கள். இருவர் கைகளும் கோத்திருக்கும். அவற்றின்மேல் ஒரு துண்டு கிடக்கும். துண்டுக்கு அடியில் விரல்கள் பேரம் பேசும். எந்த விரலைத் தொட்டால் எவ்வளவு, எத்தனை விரலைச் சேர்த்துப் பிடித்தால் எத்தனை ஆயிரம் என்பதெல்லாம் அவர்களுக்குள் கணக்கு. வாய் பாட்டுக்கு மழையைப் பற்றியும் மகள் கல்யாணத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும். திடீரென்று துண்டு விலகும். வியாபாரம் முடிந்திருக்கும்; அல்லது முறிந்திருக்கும். பக்கத்தில் நின்றவனுக்கு ஒன்றும் தெரியாது.

இதைப் பார்க்கும் பட்டணத்து மனிதர்கள், "ஏதோ திருட்டு வேலை" என்று முகம் சுளிப்பதுண்டு. எனக்கு அப்படித் தோன்றியதில்லை. அங்கே மறைந்திருப்பது விலை ஒன்றுதான். மாடு நடுவெயிலில் நிற்கிறது. பல்லைப் பிடித்துப் பார்க்கலாம், நடக்கவிட்டுப் பார்க்கலாம், வாலை முறுக்கிப் பார்க்கலாம். சரக்கை யாரும் துண்டு போட்டு மூடவில்லை.

சென்ற மாதம் ஆம்பூரில் வேறொரு துண்டைப் பார்த்தேன். அது கண்ணுக்குத் தெரியாத துண்டு. அதற்கு அடியில் மறைந்திருந்தது விலை அல்ல, பேசுகிறவனின் நாக்கு.

ஆம்பூரில் எனக்கு ஒரு பழைய நண்பர் உண்டு. ஷூ கம்பெனி ஒன்றில் நெடுநாள் சூபர்வைசராக இருந்தவர். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பக்கத்து ஊர்கள் தோலை நம்பி வாழ்கிறவை என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். விடிந்தும் விடியாததுமாகக் கம்பெனி பஸ்கள் கிராமங்களுக்குள் புகுந்து பெண்களை ஏற்றி வருகின்றன. மடியில் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு ஜன்னலோரத்தில் தூங்கி வழியும் அந்தப் பெண்கள் தைக்கிற ஷூக்களை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் யார் யாரோ போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். 2025 ஆகஸ்டு 27ஆம் தேதி முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குகளின்மேல் 50 சதவீத வரி என்று அறிவித்து வசூலிக்கத் தொடங்கியபோது, இந்த ஊர்களில் அடுப்பங்கரை வரையில் அந்தச் செய்தி எட்டிற்று. வாஷிங்டனில் ஒருவர் பேனாவை எடுத்தால் ஆம்பூரில் ஒருத்தி தாலிக்கொடியை அடகு வைக்கலாமா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. நாம் வாழ்கிற காலம் அப்படி.

நண்பரின் மகன் பி.காம். படித்தவன். மிஞ்சிப்போன தோலையும் தேங்கிப்போன சரக்கையும் மொத்தமாக எடுத்து, ஷூ, பெல்ட், பை என்று செய்வித்து, கைப்பேசியிலேயே விற்கிறான். கடை கிடையாது, பலகை கிடையாது. இன்ஸ்டாகிராமில் படம் போடுவான். படத்தைப் பார்த்தவர்கள் தனிச்செய்தியில் வந்து, "விலை என்ன?" என்பார்கள். அங்கிருந்து பேச்சு ஆரம்பமாகும். அந்தப் பேச்சுத்தான் அவனுக்குக் கடை, கல்லாப்பெட்டி எல்லாம்.

இரவு சாப்பாடு முடிந்ததும் அவன் ஒரு காரியம் செய்தான். அன்றைக்கு முறிந்துபோன பேச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து, வாங்க வந்தவரின் பெயரை அழித்துவிட்டு, செயற்கை நுண்ணறிவு யந்திரத்தினிடம் கொடுத்தான். "நான் எங்கே தவறினேன், சொல்" என்று கேட்டான். பரீட்சைத் தாளை வாத்தியாரிடம் நீட்டுகிற பையனைப் போல இருந்தது அவன் முகம்.

"ஒரு வருஷமா இப்படித்தான் அங்கிள். இப்போ முன்னைக்கு நல்லா போகுது" என்றான்.

நல்லா போகிறது என்றால் எப்படி? அவன் காட்டினான். முதலில் யாராவது "விலை?" என்று கேட்டால், "1,850" என்று ஒற்றை எண்ணை எழுதிவிட்டுக் காத்திருப்பானாம். கேட்டவர் போய்விடுவார். யந்திரம் அதைப் படித்துவிட்டு, "அவர் விலையைக் கேட்டார், நீங்கள் விலையைச் சொன்னீர்கள், யாருக்காக வாங்குகிறார், எதற்காக வாங்குகிறார் என்று நீங்கள் கேட்கவே இல்லையே" என்றதாம். அன்றிலிருந்து கேட்க ஆரம்பித்தான். பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருவர் கறுப்பு ஷூ கேட்டிருக்கிறார். எத்தனை மணி நேரம் நிற்பீர்கள் என்று இவன் விசாரித்தான். ஏழு மணி நேரம், மாலையில் கால் வீங்கும் என்றார் அவர். அரை அளவு பெரிதாக அனுப்பி, பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்று எழுதினான். அவர் பிறகு தம்முடன் வேலை பார்க்கும் மூன்று பேரை அனுப்பிவைத்திருக்கிறார்.

இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? யந்திரம் அவனுக்கு விற்கக் கற்றுக்கொடுத்ததா, விசாரிக்கக் கற்றுக்கொடுத்ததா? இரண்டாவதுதான் என்றால், அது நம்முடைய பாட்டிகள் செய்த வேலை. "வந்தவங்களை முதலில் உட்காரச் சொல்லுடா" என்று தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்த வேலை. பாட்டிகள் எல்லா வீட்டிலும் இல்லாத காலத்தில் யந்திரம் அதைச் செய்துவிட்டுப் போகட்டுமே என்று நான் எண்ணிக்கொண்டேன்.

அடுத்து அவன் காட்டியதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

ஆட்டுத்தோலால் செய்த ஒரு தோள்பை. மூடியின் இடது ஓரத்தில் பொட்டுப் பொட்டாகச் சிறு தழும்புகள். ஆடு உயிரோடிருந்தபோது உண்ணி கடித்த வடு. தோல் வியாபாரத்தில் இது சகஜம். முள் கீறிய கோடு, அம்மை வடு, உண்ணிக் கடி என்று ஆட்டின் பிழைப்பு முழுவதும் அதன் தோலில் எழுதியிருக்கும். வாங்க வந்தவர் கேட்காமலே இவன் முதல் வரியில் எழுதியிருந்தான்: "மூடியின் இடது பக்கம் உண்ணிக் கடித் தழும்பு இருக்கிறது." அவர் அப்புறம் பதிலே எழுதவில்லை.

யந்திரத்தின் விமரிசனம் இது: குறையை முதலிலேயே சொல்லிவிட்டீர்கள். பையின் உபயோகத்தை முதலில் சொல்லுங்கள். தழும்பு என்ற சொல் வேண்டாம். "இயற்கைத் தோலுக்கே உரிய தனித்துவமான அடையாளங்கள்" என்று பிற்பாடு சொல்லுங்கள்.

வாசகர்கள் கவனிக்க வேண்டும். இதில் ஒரு சொல்கூடப் பொய் அல்ல. அந்த வடு இயற்கையானது; தனித்துவமானதுதான்; எந்த இரண்டு ஆட்டையும் உண்ணி ஒரே இடத்தில் கடிப்பதில்லை. ஆனால் அந்த வாக்கியத்தைப் படிக்கிற சென்னைவாசி மனத்தில் உண்ணி தோன்றாது. ஏதோ மலைச்சாரலும் மூலிகைக் காற்றும் தோன்றும். ஒவ்வொரு சொல்லும் மெய்யாக இருந்து, மொத்தத்தில் விளைவது மெய்யல்லாத ஒன்றாக இருந்தால், அதற்கு என்ன பெயர்?

டேனரிகளைப் பார்த்தவர்களுக்கு இதற்கு ஓர் உவமை எளிதில் கிடைக்கும். தோலில் நல்ல சாதி, மேற்புறத்தை அப்படியே விட்டுவைத்தது. அதில் வடு இருந்தால் வடு தெரியும். வடு அதிகமான தோலை யந்திரத்தில் கொடுத்து உப்புத்தாளால் தேய்ப்பதுபோல் மேற்புறத்தைத் தேய்த்து எடுக்கிறார்கள். அதற்குப் பஃபிங் என்று பெயர். பிறகு சாயத்தைப் பூசி, அச்சுத் தகட்டை வைத்து அழுத்தி, இல்லாத ரேகைகளை உண்டாக்குகிறார்கள். முடிந்ததும் பார்த்தால் முதல்தரத் தோலைவிட அழகாக இருக்கும். ஒழுங்காக இருக்கும். அதுவும் தோல்தான், ரெக்ஸின் அல்ல. ஆனால் கைதேர்ந்த தரகர் ஒருவர் கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் போதும். "திருத்தினது" என்று தள்ளிவிடுவார். அந்தப் பையனின் வாக்கியங்களைத் தேதிவாரியாகப் படித்துக்கொண்டு வந்தேன். சென்ற வருஷத்து வாக்கியங்களில் எழுத்துப்பிழை இருந்தது, அவன் இருந்தான். இந்த வருஷத்து வாக்கியங்களில் பிழை ஒன்றுமில்லை.

பேச்சைத் திருத்துவது புதிய குற்றம் அல்ல. டேல் கார்னெகி என்ற அமெரிக்கர் மனிதர்களை வசப்படுத்தும் வழி பற்றி 1936இல் எழுதிய புத்தகம் இன்றைக்கும் விற்கிறது. தபாலாபீஸ் வாசலில் உட்கார்ந்து கடுதாசி எழுதிக்கொடுத்தவர்கள் எத்தனை பேருடைய கோபத்தையும் காதலையும் தங்கள் நடையில் திருத்தி அனுப்பியிருப்பார்கள்! கிரேக்க நாட்டில் இந்தத் தகராறு சுமார் இருபத்துநான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது. பிளேட்டோவின் 'கோர்கியாஸ்' என்ற உரையாடலில் சாக்ரடீஸ், பேச்சு வன்மையை ஒரு கலை என்றே ஒப்புக்கொள்ள மறுக்கிறார். மருத்துவத்துக்குச் சமையல் எப்படியோ அப்படித்தான் நியாயத்துக்குப் பேச்சுவன்மை என்கிறார். உடம்புக்கு எது நல்லது என்று பாராமல் நாக்குக்கு எது பிடிக்கும் என்று பார்ப்பதாம் சமையல். சாக்ரடீஸ் ஆம்பூருக்கு வந்து சீரகச் சம்பா பிரியாணியும் கத்திரிக்காயும் சாப்பிட்டிருந்தால் சமையலைப் பற்றியாவது இவ்வளவு கடுமையாகச் சொல்லியிருக்கமாட்டார் என்பது என் நம்பிக்கை.

திருவள்ளுவரின் ஏற்பாடு எனக்கு வேறுவிதமாகப் படுகிறது. அவர் இனிய சொல்லை இல்லறவியலில் பத்தாவது அதிகாரமாக வைத்தார். வாய்மையைத் துறவறவியலில் முப்பதாவது அதிகாரமாக வைத்தார். சொல்வன்மையை அமைச்சருக்குரிய இலக்கணமாக அறுபத்தைந்தாவது அதிகாரத்தில் வைத்தார். குடும்பஸ்தனுக்கு இனிமை, துறவிக்கு வாய்மை, அமைச்சனுக்கு வன்மை என்று பிரித்துவிட்டார் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். இனியவை கூறல் அதிகாரத்தின் முதற் குறளைப் பார்த்தால் அந்த வேடிக்கை நிற்காது. அன்பும் வஞ்சனையில்லாமையும் சேர்ந்திருந்தால்தான் இனிய சொல் என்று அங்கேயே நிபந்தனை போட்டிருக்கிறார். வணிகனைப் பற்றித் தனி அதிகாரம் எழுதவில்லை. நடுவுநிலைமையில் ஒரு குறளோடு நிறுத்தினார். பிறர் பொருளையும் தன் பொருளைப் போலப் பேணுவதே வாணிகம் என்று சொன்ன பிறகு சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார்.

என் தொழிலைப் பற்றியும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். நான் கதை எழுதுகிறவன். இல்லாத மனிதர்களின் வாயில் சொற்களைப் போட்டுப் பிழைக்கிறவன். ஒரு தொடர்கதை எழுதும்போது ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் வாசகர் அடுத்த வாரம்வரை தவிக்கும்படி ஒரு கொக்கியை மாட்டவேண்டும் என்று எனக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், நானும் மாட்டியிருக்கிறேன். நாயகி இருமினால் அது சளியா க்ஷயமா என்று ஏழு நாள் சொல்லாமல் இருந்திருக்கிறேன். எனவே, உண்ணித் தழும்பை ஒளிக்கிற பையனைக் கண்டிக்க எனக்கு உள்ள யோக்கியதை குறைவுதான். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு: என் வாசகர் தாம் ஏமாறப்போவதை அறிந்தே காசு கொடுக்கிறார். பை வாங்க வந்தவர் அதற்காக வரவில்லை.

யந்திரம் கற்றுக்கொடுப்பதில் பலன் உண்டா என்றால், சந்தேகமில்லாமல் உண்டு. 2023இல் பிரின்யால்ஃப்ஸன் முதலிய மூன்று பொருளாதார அறிஞர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு நிறுவனத்தில் வாடிக்கையாளரோடு எழுத்தில் பேசும் ஊழியர்கள் 5,179 பேர். பேசும்போதே இப்படி எழுதலாம் என்று யந்திரம் பக்கத்திலிருந்து யோசனை சொல்லும். மணிக்கு முடித்த விவகாரங்களின் எண்ணிக்கை சராசரி 14 சதவீதம் கூடிற்று. புதிதாக வந்தவர்களுக்கும் திறமை குறைந்தவர்களுக்கும் 34 சதவீதம் கூடிற்று. பழுத்த ஊழியர்களுக்கு மட்டும் அநேகமாக ஒன்றும் கூடவில்லை.

ஏன் கூடவில்லை? யந்திரம் கற்றது அவர்களிடமிருந்துதான். பல வருஷம் வசவு வாங்கி, பொறுமையைப் பழகி, எந்த நேரத்தில் எந்தச் சொல் ஆறுதல் தரும் என்று கண்டுகொண்ட மனிதர்களின் பேச்சை அது படித்தது. நேற்று வந்தவன் காதில் ஓதிற்று. நேற்று வந்தவனுக்கு லாபம், கம்பெனிக்கு லாபம். சொல்லின் சொந்தக்காரனுக்கு? ஊரில் கைராசிக்காரன் என்று பெயரெடுத்த ஒரு தரகனின் நாக்கை ராத்திரியோடு ராத்திரியாகப் பிரதி எடுத்து ஆளுக்கொன்று கொடுத்துவிட்டால், காலையில் அந்தத் தரகனுக்குச் சந்தையில் என்ன மதிப்பு? இல்லாதவனுக்குக் கிடைத்தது என்று மகிழ்வதா, உள்ளவனிடம் கேட்காமல் எடுத்தது என்று வருந்துவதா? எனக்கு இரண்டும் தோன்றுகிறது. ஒன்று மற்றொன்றை ரத்து செய்வதாகத் தோன்றவில்லை.

இன்னொன்றும் உண்டு. இந்த வாத்தியார் எப்படி வாத்தியார் ஆனார்? யந்திரம் சொல்லும் பதில்களை மனிதர்கள் படித்து, இது நன்று, இது அவ்வளவு நன்றன்று என்று தரம் போடுகிறார்கள். அந்தத் தரத்துக்கு ஏற்ப அதைத் திருத்துகிறார்கள். அதாவது, கேட்பவருக்குப் பிடிக்கும்படி பேசிப் பேசித் தேர்ச்சி பெற்றது அது. 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் சாட்ஜிபிடி யந்திரத்தில் ஒரு மாறுதலைச் செய்து, சில நாட்களிலேயே அதை வாபஸ் வாங்கிக்கொண்டது. யார் எதைச் சொன்னாலும் "ஆகா, என்ன அற்புதமான யோசனை!" என்று அது துதிபாட ஆரம்பித்துவிட்டதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. அரசவையில் இருந்த முகஸ்துதிக்காரர்களுக்கு அரசன் ஒருவன்தான். இதற்கு, கைப்பேசி வைத்திருக்கிற அத்தனை பேரும் அரசர்கள். பிடிக்கும்படி பேசியே வளர்ந்த ஒன்றிடம் போய், "பிடிக்கும்படி பேசுவது எப்படி?" என்று நாம் கேட்கிறோம். தகுந்த வாத்தியாரிடம்தான் போயிருக்கிறோம்!

ஆனாலும் யந்திரத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டுப் போக என் மனம் ஒப்பவில்லை. பையன் காட்டிய மற்றொரு பேச்சு காரணம். ஒரு பெண் தன் தகப்பனாருக்கு ஷூ கேட்டாள். சர்க்கரை வியாதி, காலில் உணர்ச்சி குறைவு என்றாள். "இந்த மாடலில் உட்பக்கம் தையல் மேடாக இருக்கும், உரசினால் அவருக்குத் தெரியாது, புண்ணாகிவிடும். வேண்டாம், டாக்டரைக் கேட்டு அதற்கென்று செய்ததாக வாங்குங்கள்" என்று இவன் எழுதி அனுப்பிவிட்டான். அந்த இரவு யந்திரத்திடம் வழக்கம்போல, "இந்த விற்பனை ஏன் நழுவிற்று? எப்படிப் பேசியிருந்தால் முடித்திருக்கலாம்?" என்று கேட்டான். மாற்று மாடலைக் காட்டியிருக்கலாம், மெத்தைத் தகட்டைச் சேர்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கலாம் என்று நாலு வழி சொல்லிற்று. அவனுக்கு மனசு கேட்கவில்லை. அதே பேச்சை மறுபடி கொடுத்து, "நான் செய்தது சரியா?" என்று மட்டும் கேட்டான். "மிகவும் சரி, அவருடைய பாதுகாப்பை லாபத்துக்கு மேலாக மதித்தீர்கள்" என்றது.

"ஒரே ராத்திரியில ரெண்டு பதில் அங்கிள். எதை நம்புறது?" என்று கேட்டான் அவன்.

யந்திரம் பொய் சொல்லவில்லை. இரண்டு கேள்விக்கு இரண்டு பதில். முதற் கேள்வியில் அந்த முதியவரின் கால் இல்லவே இல்லை. விற்பனை மட்டும் இருந்தது. தினந்தோறும் இரவு உட்கார்ந்து முதற் கேள்வியையே கேட்டுக்கொண்டிருப்பவனின் மனம் ஒரு வருஷத்தில், ஐந்து வருஷத்தில் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. அவன் இரண்டாம் கேள்வியையும் கேட்டான் என்பது அவன் குடும்பத்தின் புண்ணியம். அதைக் கேள் என்று யந்திரம் அவனைத் தூண்டவில்லை.

கணக்கிலே வராத மூன்றாவது ஆள் ஒருவர் எப்போதும் இருக்கிறார். தனிச்செய்தியில் இரண்டே பேர்தான், வாங்குகிறவர், விற்கிறவர். அவர்களுடைய பேச்சை எவ்வளவு செம்மை செய்தாலும் பாலாறு அதற்குள் வருவதில்லை. தோல் கழிவு அந்த ஆற்றையும் கிணறுகளையும் என்ன செய்தது என்பதற்காக வேலூர்க்காரர்களின் அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றம் வரையில் போயிற்று. 1996 ஆகஸ்டு 28ஆம் தேதி வந்த தீர்ப்பு, மாசு செய்தவனே அதற்கு ஈடு செய்யவேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டிற்று. எந்தப் பை விற்பனைப் பேச்சிலும் யாரும் இதைக் கேட்பதில்லை. கேட்காததைச் சொல்லவேண்டும் என்று எந்த வாத்தியாரும் கற்றுத் தருவதும் இல்லை.

சட்டம் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. 2023 நவம்பர் 30ஆம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், மின்வழி வியாபாரத்தில் செய்யக்கூடாத தந்திரங்கள் என்று பதின்மூன்றை வரிசைப்படுத்தி அறிவித்தது. பொய்யான அவசரத்தை உண்டாக்குவது அவற்றில் ஒன்று. "இரண்டே ஜோடிதான் பாக்கி, இன்று இரவுக்குள் சொல்லுங்கள்" என்ற வாக்கியத்தை நாம் எல்லோரும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறோம் அல்லவா? கிடங்கில் அப்போது இருநூறு ஜோடி இருக்கும். பையனுக்கும் இந்த யோசனை யந்திரத்திடமிருந்து வந்திருந்தது. மெய்யாகவே சரக்கு குறைவாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள் என்ற எச்சரிக்கையோடுதான் வந்திருந்தது. அந்த எச்சரிக்கை அவன் கண்ணில் பட்டது மூன்றாம் நாள். முதல் இரண்டு நாளும் அவன் அதைப் படிக்கவில்லை. அதை அவனே வெட்கத்தோடு சொன்னான். சட்டம் 'இரண்டே ஜோடி'யைப் பிடித்துவிடும். 'தனித்துவமான அடையாளங்க'ளை எந்தச் சட்டம் பிடிக்கும்?

பேச்சு இங்கே வந்தபோது அவன் சிரித்துக்கொண்டே இன்னொரு பக்கத்தைத் திறந்தான். பெங்களூரிலிருந்து ஒருவர் பெல்ட் கேட்டிருந்தார். "தங்கள் விலையை மதிக்கிறேன், எனினும் என் வரம்பைக் கருதி ஒரு நியாயமான இணக்கத்துக்கு வரலாமா?" என்று எழுதியிருந்தார். பெல்ட் வாங்குகிற மனிதன் எவனும் பிறந்தநாள் முதல் இப்படிப் பேசியதில்லை. அவரும் யந்திரத்தைக் கேட்டுத்தான் எழுதுகிறார் என்று பையனுக்கு உடனே தெரிந்துவிட்டது. இவனும் தன் யந்திரத்தைக் கேட்டான். ஒன்பது செய்திகள் போயும் வந்தும் இருக்கின்றன. அத்தனையும் தேன். முடிவில் ஐம்பது ரூபாய் குறைந்தது. பொய்கைச் சந்தையில் துண்டுக்கு அடியில் இரண்டு கைகளாவது இருந்தன. இங்கே துண்டைத் தூக்கிப் பார்த்தால் கையே இல்லை.

இவ்வளவு நேரமும் கட்டிலில் சாய்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். பையனின் தாய்வழிப் பாட்டனார். அவன் அவரை நானா என்று அழைக்கிறான். எண்பதைத் தாண்டியவர். ஊர் ஊராகப் பச்சைத் தோலை வாங்கி வந்து சென்னைப் பெரியமேட்டு மண்டிகளுக்குத் தரகு பார்த்தவர். தூங்குகிறார் என்று நினைத்திருந்தேன். அவர் கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"தம்பி, நான் கட்டைப் பிரிச்சுக் காட்டுறப்போ கெட்ட தோலை மேலே வைப்பேன். எல்லாரும் நல்லதை மேலே வைப்பாங்க. நான் ஓட்டையும் வடுவும் இருக்கிறதை மேலே வைப்பேன்."

எனக்கு மெய்சிலிர்த்தது. "அந்தக் காலத்து நேர்மை, பாய்!" என்றேன்.

அவர் சிரித்தார். "நேர்மை என்ன தம்பி, வியாபாரம். மேலே கெட்டதைப் பார்த்தவன், 'இதுவே இவ்வளவுதான்னா கீழே நல்லாத்தான் இருக்கும்'னு பாதிக்கு மேலே பிரிக்கவே மாட்டான். எனக்கு நேரம் மிச்சம்."

ஜெர்மானியத் தத்துவ ஞானி காண்ட் 1785இல் எழுதிய புத்தகத்தில் ஒரு கடைக்காரர் வருகிறார். சின்னப் பிள்ளை போய் வாங்கினாலும் ஒரே விலைதான் சொல்வார். ஆனால் அது கடமை என்பதற்காகவா, கடைக்குப் பெயர் கெடாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவா என்று காண்ட் கேட்கிறார். லாபத்துக்காக நேர்மையாக இருந்தால் அந்தச் செய்கைக்குத் தர்மத்தின் மதிப்பு இல்லை என்பது அவர் கட்சி. அந்தக் கடைக்காரர் ஆம்பூரில் கட்டிலில் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பையன் உற்சாகமாகிவிட்டான். "இதையேதான் நானா, இதுவும் சொல்லிச்சு! குறையை முன்னாடி சொன்னா நம்பிக்கை வரும், சில பேர்கிட்ட அப்படிப் பேசலாம்னு போன வாரம் சொல்லிச்சு" என்று கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான்.

பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். படிக்கவில்லை, கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேட்டா, நம்ம நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் சந்தையில ஒரு தானியக் குவியலுக்குள்ள கையை விட்டாங்க. உள்ளே ஈரம். என்ன இதுன்னு கேட்டாங்க. மழையில நனைஞ்சுதுன்னான் வியாபாரி. நனைஞ்சதை மேலே வைக்கிறதுதானேன்னாங்க. மேலே என்ன வைக்கிறதுங்கிறது அவ்வளவுதான். நான் நேரத்தை மிச்சம் பிடிக்க வெச்சேனோ, பயந்து வெச்சேனோ, அது எனக்கும் அல்லாவுக்கும். ஆனா அவன் கையை விட்டுப் பார்த்தா கீழேயும் நான் சொன்னதுதான் இருக்கும். நாற்பது வருஷம் கையை விட்டுப் பார்த்தாங்க." சற்று நிறுத்திவிட்டுக் கேட்டார்: "இதுக்குள்ளே அவங்க கையை எப்படி விடுவாங்க?"

பையன் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. காண்ட் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்றும் எனக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவன் உள்ளே போய் அந்தத் தோள்பையை எடுத்து வந்தான். திருவாரூரிலிருந்து ஒருவர் அதைக் கேட்டு அன்று மாலை எழுதியிருந்தாராம். யந்திரம் திருத்திக் கொடுத்த பதில் தயாராக இருந்தது, இன்னும் அனுப்பவில்லை. விளக்கைப் பக்கத்தில் இழுத்துவைத்தான். மூடியின் இடது ஓரத்தை இரண்டு விரலால் விரித்துப் பிடித்து, தழும்பு நன்றாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்தான். நகத்தழுக்கும் சேர்ந்து விழுந்தது. முதல் படத்தில் வெளிச்சம் போதவில்லை, இன்னொன்று எடுத்தான். அதன் கீழே, "உண்ணி கடிச்சது. விரலால தொட்டா தெரியும். மத்தபடி தோல் கெட்டி" என்று ஒரே வரி எழுதினான். 'கெட்டி'யில் ஒற்று விட்டுப்போயிருந்தது. திருத்தலாமா என்று என்னைப் பார்த்தான். பிறகு அப்படியே அனுப்பிவிட்டான்.

நான் மறுநாள் காலை ரயிலுக்குப் புறப்படுகிற வரையில் திருவாரூரிலிருந்து பதில் வரவில்லை.